மழைக்கு முன்னே இறங்கினோம்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மழை. மடுல்கெல்லைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருந்தேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனதும் அதுதான். லயத்து வரிசை வீடுகளில் காய்ச்சல் என்று சொல்லி வைத்தோம்.

அவரைப் போலவே மெலிந்து, இருமி, மேல் லயத்தில் இன்னும் சிலர் போனார்கள். எல்லாம் மழைக் காலத்தில்தான். கீழே ரோட்டோரத்து ஆட்களைக் கண்டி எச்.ஐ.வி. கிளினிக்கில் கண்டிருக்கிறேன். மருந்தெடுத்து நன்றாகத்தான் இருந்தார்கள். மேலே இருப்பவர்கள் வெட்கத்தில் முடங்கிக் கிடப்பார்கள், பாதை உடையும், அப்புறம் சாவுக்குத் தப்பு மேளம் அடிக்கும் சத்தம்தான்.

அந்த முறையும் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. என் மாத்திரையோ முடிகிற நேரம். அடுத்தது நான்தானோ! குடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சரிவுக்கிட்டே பார்த்தால் பக்கத்து வீட்டு அக்கா! தண்ணீர்ப் பீலியில் குடம் வைக்கிற சண்டையில் என் பரம்பரையையே இழுப்பவர். ஐயோ, இந்த வாயிலா விழ வேண்டும்!

"எங்க புள்ள, இந்த மழையில?"

"சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கக்கா. நீங்க?"

"மகளப் பாக்க."

கையைப் பிடித்துக்கொண்டு சேற்றைக் கடந்து, அந்தப் பக்கம் பஸ் பிடித்தோம். கண்டியில் இறங்கி ஆளுக்கொரு திசை. நான் வேண்டுமென்றே மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார் அக்கா.

 என்னைக் கண்டதும், "இதுக்கா புள்ள நான் டவுன் பூரா சுத்தி வந்தேன்?" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் பயந்தல்லவா மாத்திரை முழுங்கியிருக்கிறோம்!

போன வருஷம் மழைக்குக் கொஞ்சம் முன்னால், லயத்தின் கடைசி வீட்டு அண்ணன் இரும ஆரம்பித்தார். அதே மெலிவு. அக்கா என்னைப் பார்த்தார்; தலையாட்டினேன். நேரே அண்ணன் வாசலுக்குப் போய், "எங்க ரெண்டு பேருக்கும் அந்த நோய் இருக்குண்ணே. நாங்க செத்தா போயிட்டோம்? எழும்புங்க, போறோம்" என்று நின்றுவிட்டார். அண்ணன் அழுதார். ஆனால் வந்தார்.

அந்த மழையிலும் பாதை உடைந்தது. அதற்குள் அவர் கையில் மருந்து இருந்தது. இப்போது வேலைக்குப் போகிறார்.

பீலிச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனாலும் மழை இறங்கினால் காது தானாக விழித்துக்கொள்கிறது. தப்புச் சத்தம் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "மாத்திரை போட்டியா புள்ள?" என்று அக்கா கத்துகிறார், அந்தக் குரல் கேட்கிற வரைக்கும் எனக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை.