இரண்டு சாண் இருக்கை

தேயிலைப் பெட்டி நிறுக்கும் மேடைத் தராசின் மேல் பெரியம்மா ஏறி நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தோட்டத்துத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோரு என்போம். அதன் வாசலில் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயில் படி ஏறுகிறவரைப் போல நிதானமாக ஏறினார். பலகை ஒருமுறை முனகியது. கணக்கப்பிள்ளை ஐயா கம்பியில் குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "இருநூத்திப் பதினெட்டு ராத்தல்" என்றார். தினமும் கொழுந்து நிறுத்த பழக்கம் அவரை விடவில்லை. "கூடைக்கும் தண்ணிக்கும் கழிச்சா..." என்று தொடங்கிவிட்டார். சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை.

"ஐயா, என்னைய மட்டுமாச்சும் கழிக்காம எழுதுங்க" என்றார்.

பெரியம்மா எனக்கு இரத்த உறவு இல்லை. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்தில் எங்கள் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கட்டிய எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா அவருடையது. அம்மாவுக்கு மூத்தவர் என்பதால் எனக்குப் பெரியம்மா. தோட்டத்துக்கு அவர் மாதர் சங்கத் தலைவி. உயரமும் அகலமுமான உடம்பு. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றும் சாக்குப் படங்கை எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுப்பார்கள். பெரியம்மா இரண்டை வாங்கி ஒன்றாகத் தைத்துக் கட்டிக்கொள்வார். அந்த உடம்போடு செங்குத்தான மலையில் நிரை பிடித்து ஏறும்போது இளம்பெண்கள் அவருக்குப் பின்னால்தான் வருவார்கள். எங்கள் குடும்பத்தில் பெருவிரலில் மை படாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் பரீட்சை பாஸான செய்தி வந்த அன்று, என் கையைப் பிடித்து லயம் முழுக்கக் காட்டிக்கொண்டு போனவர் பெரியம்மா.

அவர் தராசில் ஏறியதற்குக் காரணம் ஒரு விமானம். திருச்சியில் தோட்டத் தொழிலாளப் பெண்களைக் கூட்டிப் பேசவைக்கும் ஒரு கூட்டம் நடக்க இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேரை அழைத்திருந்தார்கள். ஒருவர் பெரியம்மா. மற்றவர் தொழிற்சங்கத்தின் செயலாளர் ஐயா. பெரியம்மா பேசவிருந்தது ஒரே விஷயம்தான். அதுதான் கழிவு. கொழுந்தைக் கூடையோடு நிறுத்து, கூடைக்கென்றும் இலையில் ஒட்டிய தண்ணீருக்கென்றும் சில ராத்தலைக் கழித்த பிறகே கணக்கில் எழுதுவார்கள். எவ்வளவு கழிப்பது என்பது கழிக்கிறவர் மனதில் இருந்தது. வெயில் காய்ந்த நாளிலும் தண்ணீர் கழிந்தது. எடை குறைந்தால் பாதிக் கூலி. அதற்கு அரைப்பேர் என்று பெயர். அரைப்பேர் விழுந்த நாட்களில் என் அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். பெரியம்மா அந்தக் கூட்டத்துக்குப் போவது எங்களுக்கு வெறும் பெருமை மட்டும் அல்ல.

ஹட்டனில் ஜவுளிக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் விமானத்துக்கும் கப்பலுக்கும் இடம் பதிந்து கொடுப்பார். சரக்கு வாங்க அவரே திருச்சிக்குப் பறந்து போய் வருகிறவர். செயலாளர் ஐயா போய்க் கேட்டபோது அவர் இரண்டு செய்திகள் சொல்லி அனுப்பினார். அது சின்ன விமானம், அதனால் ஏறுகிற ஒவ்வொருவரின் எடையையும் கேட்பார்கள் என்பது ஒன்று. அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தராசு. மற்றது இருக்கையின் அகலம். துணி அளந்த கை சும்மா இருக்குமா? பறந்தபோது இரண்டு பக்கக் கைப்பிடிகளுக்கும் நடுவில் சாண் போட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

அன்று மாலையே செயலாளர் ஐயா லயத்துக்கு வந்தார். நல்ல மனிதர். வேட்டியும் தோளில் மடித்துப் போட்ட சால்வையுமாக, முன்னால் தள்ளிய வயிற்றோடு அவர் நடந்து வந்தால் வழியில் நிற்பவர்கள் தாமாக ஒதுங்குவார்கள். பெரியம்மாவின் வாசலில் போட்ட பலகையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"தலைவியம்மா தப்பா எடுத்துக்கக் கூடாது. பிளேன் வாசல் வரைக்கும் போயிட்டு, சீட்டுல கொள்ளலன்னு எறக்கி விட்டாங்கன்னா நம்ம சங்கத்துக்குத்தான் அவமானம்."

"அதுக்கு என்னா செய்யலாம்ங்கறீங்க?"

"நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதிடறேன். நம்ம பாப்பா படிச்ச புள்ள. ஒல்லியாவும் இருக்கு. என்கூட வந்து படிச்சிரும்."

பாப்பா என்றது என்னை. எனக்குப் பதினெட்டு வயது. பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அதில் கோபம் இல்லை.

"அது நல்லாப் படிச்சிரும்ங்க. படிச்சு முடிச்சதும் யாராச்சும் கேள்வி கேட்டா?"

செயலாளர் ஐயா என்னைப் பார்த்தார். கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி நான் ஒரு நாள்கூட மலையேறியதில்லை.

"கொள்ளுதா கொள்ளலையான்னு இங்கயே பாத்துட்டா போச்சு" என்றார் பெரியம்மா.

மறுநாள் ஸ்டோருக்குப் போய்த் தச்சரைப் பிடித்தார். அவர் சிங்களவர், நாங்கள் எல்லோரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளால் பாஸ் ஓர் இருக்கை அடித்துக் கொடுத்தார். முதுகுக்கு ஒரு பலகை, இரண்டு பக்கமும் கைகளுக்கு இரண்டு பலகை, நடுவே இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தோளில் வைத்து அவரே லயத்து முற்றத்துக்குத் தூக்கி வந்தார். வேலை விட்டு வந்த பெண்கள் கூடையைக்கூட இறக்காமல் சுற்றி நின்றுவிட்டார்கள். வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள் என்று நான் நினைத்தேன். ஆனால் பெரியம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு அதன் முன்னால் நின்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் எல்லோருடைய கழிவும் அந்தப் பலகைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்ததைப் போல இருந்தது.

அவர் உட்கார்ந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூச்சை இழுத்து, மறுபக்கத்தைக் கையால் அழுத்தி உள்ளே இறக்கினார். பலகைகள் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்தன. தொடையில் அவை பதிவது தெரிந்தது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து, புடவையை நீவிவிட்டுச் சொன்னார்: "வலிக்குது. ஆனா உக்காரலாம்." அடுத்து, விருந்தாளிக்குப் பாய் விரித்த மரியாதையோடு, "ஐயா, இப்ப நீங்க" என்றார்.

"நான் எதுக்கும்மா?"

"நீங்களும்தானே வர்றீங்க."

ஐயா மறுத்துப் பார்த்தார். "ஒக்காருங்க ஐயா, அளவு தெரிஞ்சுக்கத்தானே" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வேறு வழியில்லாமல் சால்வையை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். உள்ளே போய்விட்டார். எழுந்தபோது இருக்கையும் அவரோடு எழுந்தது. இரண்டு எட்டு வைத்தார். அதுவும் கூடவே வந்தது.

"கொஞ்சம் நில்லுங்க மாத்தயா" என்று பாஸ் சுத்தியலோடு ஓடி வந்தார். "நான் ஆணி கழட்டுறது."

அந்தச் சிரிப்பு அடுத்த லயத்துக்குக் கேட்டிருக்கும். ஆனால் அன்றிரவு படுத்துக்கொண்டு நான் யோசித்தது வேறு. அத்தனை பேரும் நாள்தோறும் பார்த்த வயிறு அது. ஹட்டன் முதலாளி பார்த்தார், சங்கத்துக்காரர்கள் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். ஐயா விமானத்தில் கொள்வாரா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆண்பிள்ளையின் பருமனுக்குத் தோரணை என்று ஒரு மரியாதை இருந்தது. பெரியம்மாவின் உடம்புக்கு மட்டும்தான் சாண் போட்டார்கள்.

செயலாளர் ஐயாவின் நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். ஆணி கழன்றதும் முற்றத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாம ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல ஒக்காந்தா திருச்சி வரைக்கும் யாருக்கும் மூச்சு வராதுங்க ஐயா" என்று பெரியம்மா சொன்னபோது, "பாப்பா உங்ககூட வரட்டும்" என்று அவரே விட்டுக்கொடுத்தார். பயணப் பத்திரங்களுக்காகக் கொழும்புக்கு அலைந்ததிலும் அவர் பின்வாங்கவில்லை.

இரத்மலானை விமான நிலையத்தில் எங்களை முதலில் தராசுப் பக்கம் அனுப்பினார்கள். நாங்கள் சொல்லி அனுப்பிய எடையை நம்பாமல் மறுபடி நிறுப்பார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பின்னால் கோட்டுப் போட்ட மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். பெரியம்மாவின் தகரப்பெட்டியை ஒரு தராசில் வைத்தார்கள். பக்கத்தில் இருந்த மற்றொரு தராசில் அவரை ஏறச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை அதிகாரி இரண்டையும் தனித்தனியாக எழுதினார். சிரிக்கவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. நான் கூசிப்போய் நின்றேன். பெரியம்மாவோ தராசை விட்டு இறங்கியும் நகரவில்லை.

"ஏன் பெட்டிய வேற, ஆள வேற நிறுக்கறாங்கன்னு கேளு பாப்பா."

ஆங்கிலத்தில் கேட்டேன். பெட்டி போகும் இடம் வேறு, ஆள் உட்காரும் இடம் வேறு, எது எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியாமல் விமானத்தைக் கிளப்ப முடியாது என்றார் அதிகாரி. தமிழில் சொன்னேன். பெரியம்மா இரண்டு தராசுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

இருக்கை, பாஸ் செய்ததைவிட மோசமாக இருந்தது. பலகை வளைந்து கொடுத்தது, இது இரும்பு. பெரியம்மா ஒருபக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை பூத்தது. விமானப் பணிப்பெண் குனிந்து, வசதியாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பெரியம்மா என் கையைப் பிடித்தார்.

"நல்லா இருக்குன்னு சொல்லிராத பாப்பா. சின்னதா இருக்குன்னு சொல்லு. மரியாதையாச் சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் ஒரு கணம் யோசித்தாள். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த கைப்பிடிக்கு அடியில் விரலை விட்டு எதையோ இழுத்தாள். கைப்பிடி கழன்று அவள் கையோடு வந்துவிட்டது. பெரியம்மா நேராகத் திரும்பி உட்கார்ந்து, நீளமாக மூச்சு விட்டார். என் இருக்கையில் பாதி அவருடையதாயிற்று. கடலுக்கு மேலே நான் பயந்துபோய் இருந்த நேரம் முழுவதும் அந்தத் தோள் என் தோளோடு ஒட்டி, கதகதப்பாக இருந்தது.

"கேட்டாத்தான் கழட்டுவாங்க போல" என்றார்.

திருச்சியில் அவர் எழுதி வைத்துப் பேசவில்லை. முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, நியாயமான கழிவு எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்டார். நான் போயிருந்தால் அந்த இடத்தில் காகிதத்தைப் புரட்டிக்கொண்டு நின்றிருப்பேன். "தெரியாதுங்க" என்றார் பெரியம்மா. "எங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே கூடையோட சேத்து நிறுக்கறாங்க. வர்ற வழியில பிளேன்காரங்க என்னைய வேற, என் பெட்டிய வேற நிறுத்தாங்க. கூடைய தனியா நிறுக்கறதுல மட்டும் என்னாங்க கஷ்டம்?" மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சொன்னதைத் தானே இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறவர் போல நின்றார்.

இப்போது நான் ஹட்டனில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எனக்கென்று ஒரு மேசையும் கையில்லாத நாற்காலியும் இருக்கின்றன. எங்கள் தோட்டத்தில் இப்போது வெறுங்கூடையை எல்லோர் முன்னாலும் நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் கழிக்கிறார்கள். வெயில் நாளில் தண்ணீர் கழிவதில்லை. புதிதாக வேலைக்குப் பேர் பதிந்த பெண்களுக்கு அது எப்போதும் அப்படியே இருந்ததாக நினைப்பு. அப்படி இருக்கவில்லை. அது தொடங்கிய பகலில் நான் அம்மாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றிருந்தேன்.

திருச்சியிலிருந்து திரும்பி, பெரியம்மா வேலைக்கு இறங்கிய முதல் நாள் அது. வரிசையில் முதலாவதாக நின்றார். அவர் முறை வந்ததும் படங்கை அவிழ்த்துத் தரையில் விரித்து, நிறைந்த கூடையை அதில் கவிழ்த்தார். வெறுங்கூடையைத் தராசுக் கொக்கியில் மாட்டினார்.

"என்னா வேலை இது?" என்றார் கணக்கப்பிள்ளை ஐயா.

"மொதல்ல கூடைய நிறுங்க ஐயா. அப்புறம் கொழுந்து."

"துரைக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியட்டும்ங்க. வரச் சொல்லுங்க."

அவருக்குப் பின்னால் என் அம்மா படங்கை அவிழ்த்தாள். அதற்குப் பின்னால் இன்னொருத்தி. கொழுந்து கொட்டும் சத்தம் வரிசையின் கடைசிவரை போனது. கணக்கப்பிள்ளை ஐயா கொக்கியில் ஆடிக்கொண்டிருந்த கூடையையும் முள் நின்ற இடத்தையும் பார்த்தார். அவர் நாள்தோறும் கழித்த அளவுக்கு அது வெகு கீழே நின்றது. வரிசையில் முன்னால் நின்றவர்கள் அதைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். கணக்கப்பிள்ளை ஐயா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, தோட்டத்தை நடத்தும் துரையைக் கூப்பிட அவருடைய பங்களாவை நோக்கி நடந்தார்.

பங்களா மலை உச்சியில். துரை வர நேரமாகும். பெரியம்மா தன் கொழுந்துக் குவியலுக்குப் பக்கத்தில், மடுவத்தின் நட்டநடுத் தரையில், காலை நன்றாக நீட்டி, தனக்கு வேண்டிய இடத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.