அந்தச் சிவப்பு ஒயர் எதற்கு?

பிரேக்கை மிதித்தால் தலைக்கு மேலே இருக்கும் விளக்கு எரிகிறது. இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் ஹெட்லைட்டும் கூடச் சேர்ந்து கண்ணடிக்கிறது. வைப்பரைப் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மழையே இல்லாத ஒரு மத்தியானம் குரோம்பேட்டை சிக்னலில் நிற்கும்போது அது தானாக ஓர் ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்தவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். அவரைப் பார்த்து நானும் பார்த்தேன். வேறென்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

பழைய டீசல் கார். எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கிலோமீட்டர் காட்டும் மீட்டர் செத்து ஒரு யுகம் ஆகிறது. இப்போது எஃப்.சி. காட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லிப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் நேரே காயலான் கடைதான். வீட்டுக்காரர் அதற்காகவே காத்திருக்கிறார். "போதும்மா, அத விட்டுடு. எங்க போணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். எனக்குத்தான் அந்தக் 'கூட்டிட்டுப் போறேன்' சுருக்கென்று தைக்கிறது. சேலையூரிலிருந்து காட்டாங்குளத்தூர் காலேஜ் ஆபீசுக்கு இத்தனை வருஷமாக யாரையும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் பழகியவள் நான். இந்த வண்டி போனால் அதுவும் போயிற்று. இந்த வயதில் புதுக் கார் வாங்கி, புதிதாக ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை. இதையே இன்னும் புரிந்துகொண்ட பாடில்லை!

ஆகவே முடிச்சூர் ரோட்டில் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய் விட்டேன். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். டேஷ்போர்டைக் கழற்றினவர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, ஒயரா இடியாப்பமா? ஒரே பேஜாரா கீதே!"

எர்த் ஒயர் வண்டியின் பாடியில் சேரும் இடம் துருப்பிடித்திருந்ததாம். அதைச் சுரண்டி மாற்றியதும் ஹெட்லைட் கண்ணடிப்பது நின்றது, வைப்பருக்கும் புத்தி வந்தது. ஆனால் பிரேக்கை மிதித்தால் உள்விளக்கு எரிவது மட்டும் நிற்கவில்லை. பாய் இன்னும் உள்ளே கையை விட்டு ஒரு சிவப்பு ஒயரை இழுத்துக் காட்டினார். அங்கங்கே வெள்ளைத் துணி டேப் சுற்றியிருந்தது.

"இது வண்டியோட வந்ததில்லக்கா. யாரோ இழுத்து வுட்டுக்கீறாங்கோ. எங்க ஆரம்பிச்சு எங்க போவுதுன்னே தெரில. வெட்டிடவா?"

"ஐயோ, இருங்க, வெட்டாதீங்க."

"ஏன், இது இன்னாத்துக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஆனால் இழுத்தவர் யாரென்று தெரியும். அந்த டேப்பை மூக்கருகில் கொண்டுபோனேன். பாய் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு ஒட்டுவார்களே, அந்தப் பிளாஸ்திரியின் பசை வாசனை லேசாக இன்னும் இருந்தது. சாமுவேல் சாருடைய மனைவி நர்ஸ். அவர் வீட்டில் குழாய் ஒழுகினாலும் மூக்குக்கண்ணாடி உடைந்தாலும் பிளாஸ்திரிதான் வைத்தியம்.

சாமுவேல் சார் எங்கள் காலேஜில் இயற்பியல் வாத்தியார். வண்டி முதலில் அவருடையது. அவரும், ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் முருகேசன் சாரும், அதே ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த நானும் தாம்பரத்திலிருந்து தினமும் ஒன்றாகப் போவோம். முன் சீட் முருகேசன் சாருக்கு. பின் சீட் முழுக்க எனக்கும் மூன்று டிபன் கேரியருக்கும். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் எந்தக் கேரியரில் என்ன குழம்பு என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். என்னுடைய ஒரே திறமை அன்றைக்கு அதுதான்.

மீட்டர் அப்போதே நின்றுபோயிருந்தது. பிறகு எப்போது ஆயில் மாற்றுவது, எப்போது பெல்ட் மாற்றுவது? அதற்குச் சாமுவேல் சார் ஒரு வழி வைத்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்துக் காலம் தொடங்கினால் ஆயில். ஈஸ்டருக்கு ஃபேன் பெல்ட். அறுப்பின் பண்டிகைக்கு ஃபில்டர்கள். கிறிஸ்துமஸுக்கு பேட்டரி. சபைக் காலண்டரைப் பார்த்தே காரை ஓட்டினார் மனிதர். முருகேசன் சாருக்கோ சித்திரை ஒன்றாம் தேதியும் ஆயுத பூஜையும்தான் கணக்கு. ஆயுத பூஜை வந்தால் சாரைக் கேட்காமலே சாவியை வாங்கிக்கொண்டு போய் ஆயிலை மாற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கண்ணாடியில் சந்தனம் தீற்றிக்கொண்டு வந்து நிறுத்துவார். சாமுவேல் சார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டேஷ்போர்டில் முருகேசன் சார் ஒட்டிய வேல் விளக்குக்கு ஒயர் இழுத்துக் கொடுத்ததே அவர்தான். ஒருவேளை இந்தச் சிவப்பு ஒயர் அதுதானோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இல்லை, அது மஞ்சள் ஒயர். மஞ்சள்தானா? இப்போது சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

இரண்டு காலண்டரில் ஒரு வண்டி ஓடினால் என்ன ஆகும்? வண்டலூர் தாண்டி ஒரு நாள் காலையில் டப்பென்று சத்தம். பேட்டரி விளக்கு எரிந்தது, முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. ஃபேன் பெல்ட் அறுந்து தொங்கியது. மூன்று பேரும் வெயிலில் இறங்கி நின்றோம்.

"பெல்ட்டு ஈஸ்டருக்குன்னு பேச்சு. நீங்கதானய்யா கடைசியா ஒர்க் ஷாப் போனீங்க?" என்றார் சாமுவேல் சார்.

"நான் போனது சித்திரை ஒண்ணு சார். ஈஸ்டர்தான் இன்னும் வரலியே, நீங்க பாத்துப்பீங்கன்னு விட்டுட்டேன்."

"வரலியா! அது மார்ச்லயே முடிஞ்சு போச்சு. அதான் சித்திரைக்குப் போனப்ப பெல்ட்டையும் சேத்துப் பாத்துருப்பீங்கன்னு நான் இருந்துட்டேன்."

"போன வருஷம் சித்திரைக்கு அப்புறந்தான சார் வந்துது?"

"அது வருஷா வருஷம் மாறும்யா."

"பண்டிகை எப்படி சார் மாறும்?"

"ஏன், உங்க தீபாவளி மாறலியா?"

முருகேசன் சார் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருவரும் திரும்பி என்னை முறைத்தார்கள். பிறகு சாமுவேல் சார் முகம் மெல்ல மாறியது. "இந்தப் பொண்ணு வீட்ல ரெண்டு காலண்டரும் தொங்குதுய்யா. இனிமே இதுவே பாத்துக்கட்டும்" என்றார். உண்மைதான். நான் பொங்கல் வைக்கும் வீட்டில் பிறந்து, கேரல் பாட வரும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். ஆணியில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் தொங்கும். அன்றிலிருந்து வண்டியின் பராமரிப்பு என் பொறுப்பு. அதன் சாக்கில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன், பின் சீட்டிலிருந்து முன்னுக்கு வந்தேன். ரிட்டையராகி மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் கிளம்பியபோது சாமுவேல் சார் வண்டியை என் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். முருகேசன் சார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

"அக்கா, மத்தியானம் ஆய்ட்ச்சு. இன்னா பண்ணட்டும்?" என்றார் பாய்.

"இழுத்தவரையே கேட்டுடறேன் இருங்க" என்று பெருமையாகச் சொல்லி கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். மகள் எடுத்தாள். "அப்பாவுக்கு இப்பல்லாம் கொஞ்சம் மறதி ஆன்ட்டி. ஆனா நல்லா பேசுவாரு" என்று சொல்லி அவரிடம் கொடுத்தாள்.

"ஸ்தோத்திரம்மா. நல்லா இருக்கியா? வீட்ல எல்லாரும் சுகமா?" அதே குரல். எனக்கு உயிர் வந்தது.

"நல்லா இருக்கோம் சார். நம்ம வண்டில டேஷ்போர்டுக்கு அடியில ஒரு சிவப்பு ஒயர் இழுத்திருக்கீங்களே, பிளாஸ்திரி சுத்தி. அது எதுக்கு சார்?"

"எந்த வண்டிம்மா?"

"நம்ம டீசல் கார் சார். நீங்க, நான், முருகேசன் சார், தினம் காட்டாங்குளத்தூர் போவமே."

பெயர் மறந்துபோன மாணவியிடம் பேசுவது போல மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "எனக்கு காரெல்லாம் ஓட்ட வராதும்மா. நான் பஸ்லதான் போவேன்."

"சரிங்க சார்" என்றேன். அழுகை வந்தது. முடிச்சூர் ரோட்டில் நின்று அழுதால் நன்றாகவா இருக்கும்? தண்ணீர் குடிப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

"இன்னாக்கா சொன்னாரு?"

"வெட்டிடச் சொன்னாருங்க."

பாய் வெட்டினார். பிரேக்கை மிதித்தேன், உள்விளக்கு எரியவில்லை. ஹாரன், வைப்பர், நான்கு இண்டிகேட்டர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். எதுவும் நிற்கவில்லை, எதுவும் குறையவில்லை. எஃப்.சி.யும் தேறிவிட்டது. வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். நாளைக்கும் சாவியை எடுத்துக்கொண்டு நான் பாட்டுக்குக் கிளம்பலாம்.

அந்த ஒயர் எதையோ எதனுடனோ சேர்த்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் உள்ளே கிடந்திருக்கிறது. எதை என்று இனிமேல் சொல்ல யாருமில்லை.