ரீபில்ட் மேஸ்திரியின் அடுக்களை வாசல்

மேஸ்திரிக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே ஓர் இன்ஜினியரால்தான். பழைய பள்ளிக்கூடம் ஒன்றை இடித்துக் கட்டியபோது, ரீபில்ட் என்றால் இருந்ததை இருந்தபடியே மறுபடி எழுப்புவது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி அந்தச் சொல்லை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். புதுவீடு கட்டக் கூப்பிட்டால் பிகு பண்ணுவார். இடிந்ததைக் கட்டக் கூப்பிட்டால் கரண்டியும் மட்டப்பலகையுமாக விடிவதற்குள் போய் நிற்பார். ஒரு வீட்டில் கோணலாயிருந்த படியை அதே கோணலோடு கட்டிக்கொடுத்து, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நேராக்குவது வேறு வேலை என்று அவருக்கு விளக்கம் வேறு சொன்னார்.

ஒரு மழையில் அவர் வீட்டு அடுக்களைச் சுவரே விரிசல் விட்டது. மேஸ்திரிக்குக் கை பரபரத்தது. நூல் பிடித்து அளந்துகொண்டு இடித்தார். ஒரே வாரத்தில் சுவர் எழும்பிவிட்டது. அதே ஜன்னல், அதே வாசல், காலண்டர் மாட்டும் ஆணிகூட அதே இடத்தில்.

மனைவியை அழைத்துவந்து பெருமையாகக் காட்டினார். அந்த அம்மாள் நல்ல உயரம். மேஸ்திரி அவள் தோளுக்குத்தான் வருவார். புதுச்சுவர்தானே என்று அவள் நிமிர்ந்து நடந்தாள். நிலை நெற்றியில் ணங்கென்று இடித்தது.

"முப்பது வருஷமா இதுல குனிஞ்சு குனிஞ்சுதானே போறேன். கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு?"

"நீ பணிவா போறேன்னுல்ல நெனச்சேன்," என்றார் மேஸ்திரி. சாரத்தில் நின்று மற்ற கொத்தனார்களிடம் அந்தப் பணிவைப் பற்றி அவர் அளந்துவிட்டது கொஞ்சநஞ்சமல்ல.

வாசல் உயராமல் அடுக்களையில் கால் வைப்பதில்லை என்று அம்மாள் சொல்லிவிட்டாள். உயர்த்தினால் அது ரீபில்ட் ஆகாதே என்று மேஸ்திரி முரண்டு பிடித்தார். தான் சமைத்ததைத் தானே தின்ன வேண்டிவந்ததும் முரண்டு தளர்ந்தது. ஈரம் காயாத சுவரைத் தன் கையாலேயே உடைத்து, நிலையை ஒரு முழம் உயர்த்தினார்.

அம்மாள் வந்து பார்த்தாள். நன்றாகக் குனிந்து உள்ளே போனாள்.

"இப்பதான் ஒசத்தியாச்சே. எதுக்குக் குனியறே?"

"உங்களை நம்பி ஒரு தடவை நிமிர்ந்தது போதும்."

கடைசிவரை குனிந்துதான் போனாள். இப்போது அவள் இல்லை. தலைக்கு மேல் அத்தனை இடம் இருந்தும் அந்த வாசலில் மேஸ்திரி குனிந்து போகிறார். கேட்டால், இருந்தது இருந்தபடியே இருக்கட்டும் என்கிறார்.