வண்டிக்கு இரண்டாவது சாவி

எங்கள் வீட்டுக்கு அம்பாசடர் வந்தபோது அதற்கு ஒரே ஒரு சாவிதான் இருந்தது. அதை என் கொழுந்தனாரின் மனைவி வைத்திருந்தாள். எழுபதுகளில் மீனாட்சிபுரம் பக்கம் கார் ஓட்டுகிற பெண் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். பிறந்த வீட்டிலேயே பழகியவள். அவள் வருவதைக் கண்டாலே கேரள எல்லைச் செக்போஸ்டில் கேள்வி கேட்காமல் கம்பைத் தூக்கிவிடுவார்கள். நான் பின் சீட்டில் உட்கார்ந்து அதையும் பார்த்துக்கொண்டு போவேன்.

மூத்த மருமகள் நான். நெல் அறை, பால் அறை, இரும்புப் பெட்டி எல்லாவற்றின் சாவியும் என் இடுப்புக் கொத்தில் தொங்கும். வண்டிச் சாவி மட்டும் கிடையாது. அதில் எனக்கு வயிற்றெரிச்சல். யாரிடமும் சொன்னதில்லை. எனக்குச் சொல்லவும் வராது.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் பொள்ளாச்சியிலிருந்து பல் வெட்டாத வெறும் சாவி இரண்டு வாங்கி வந்தார். "ஒத்தச் சாவி தொலஞ்சா வண்டி மொடங்கிப் போயிரும். நானே ராவிக்கறேன்" என்றார். அது எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பழைய சாவியோடு சேர்த்துக் குறட்டில் பிடித்து அரத்தால் ராவினார். பிறகு சிம்னி விளக்கில் காட்டிக் கரி ஏற்றி, வண்டியில் நுழைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். கரி அழிந்த இடத்தில் இன்னும் ராவ வேண்டும். கரி ஏற்றுவது என் வேலை, திருப்புவது அவள் வேலை. எங்களில் மூத்தார் எதிரில் தம்பி மனைவி நின்று பேசுகிற வழக்கமில்லை. வண்டிக்குள் அது செல்லாது போலிருந்தது. அவள் ஸ்டியரிங் முன்னால், இவர் ஜன்னலுக்குள் தலையை விட்டபடி.

"கரி பத்தலைங்கக்கா, இன்னுங் கொஞ்சம் காட்டுங்க."

காட்டினேன். விரல்தான் சுட்டது.

சாவி திரும்பவில்லை. ராவி ராவி ஒரு பல்லே காணாமல் போனது. கடைசியில் அவர் ஊக்கை விட்டுத் துளையைக் கிளறினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை. வண்டியில் ஓர் இடம் விடாமல் பொட்டு வைத்தவள் சாவித் துளையையும் விடவில்லை. பூஜைக்குப் பிறகு வண்டியை யாரும் எடுத்திருக்கவுமில்லை.

"அய்யோ, நாந்தானுங் மாமா வெச்சேன்!"

"உடு அம்மிணி, சாமி உள்ளயே குடியேறிருச்சாட்ட இருக்குது" என்று சிரித்தார்.

பம்புசெட் சுவிட்சுக்கு நான் சந்தனம் வைத்த வருஷம், வேலையாட்கள் முன்னால் "அறிவிருக்குதா உனக்கு?" என்று கேட்டவரும் இவர்தான்.

துளையைச் சுத்தம் செய்து, இரண்டாவது சாவியைப் புதிதாக ராவினார். வண்டி உறுமியது. சாவியை உருவி என்னிடம் நீட்டினார். "இந்தா, கொத்துல போட்டுக்க."

அன்று முழுக்க, வேலை இல்லாமலே கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடந்தேன். கொத்துச் சத்தம் அவள் காதில் விழட்டும் என்றுதான்.

மறுநாள் அவள் சந்தைக்குக் கிளம்பினாள். பொறுக்க முடியாமல் சாவியைக் கழற்றிக்கொண்டு ஓடினேன்.

"இன்னைக்கு என்ர சாவியில ஓட்டு அம்மிணி."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களேக்கா?"

"ஒண்ணுதான். இருந்தாலும் இதுல ஓட்டு."

சிரித்துக்கொண்டே வாங்கினாள். தன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வண்டி ரோட்டில் ஏறி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டுமே அவளோடு போய்விட்டன.

"ஏம்புள்ள, கொத்துல புதுச் சாவியக் காணோம்?" என்றார் வீட்டுக்காரர்.

"தேச்சுக் காய வெச்சிருக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.