எங்கே போறீங்க என்று கேட்ட காலை

அந்த வாடகை வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் உப்புக்காற்றில் துருவேறிப்போன இரும்பு. இழுத்தால் தெருவுக்கே கேட்கும்படி கிறீச்சென்று கத்தும். ஒரு மாதத்துக்கு மேல் விடியற்காலையில் அதைத் தொடவே பயந்துகொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஊசியும் கையுமாக முப்பது வருடம் ஓடியவள் நான். ரத்தம் கண்டு பயந்ததில்லை. அந்தத் தாழ்ப்பாளுக்குப் பயந்திருக்கிறேன்.

நான் மலேயாவின் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். எழுபதுகளின் தொடக்கத்தில், குடியுரிமை இல்லாததால் அங்கே வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை என்றதும், செவிலியர் சான்றிதழை ஒரு தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பலேறினேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டிய சின்ன மருத்துவ நிலையத்தில் வேலை கிடைத்தது. சொந்த நாட்டுக்கு வந்துவிட்டாய் என்று எல்லாரும் வாழ்த்தினார்கள். என் அப்பாவுக்கு வேண்டுமானால் அது சொந்த நாடு. எனக்கு அது வெளிநாடு. நான் பேசிய தமிழைக் கேட்டுக் கடைக்காரர் சிரித்தார், அவர் பேசியது எனக்குப் பாதிதான் புரிந்தது.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், மீன் கூடை சுமந்து சுமந்து கழுத்து இறுகியவர். அவர் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போகிறவர். நான் வந்த முதல் நாளே ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்து, "இன்னாம்மா, தனியாவா கீற? பயந்தா செவுத்தத் தட்டு" என்றார். அதற்குமேல் விசாரணை கிடையாது.

மருத்துவ நிலையம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன் தினமும் நடப்பேன், நேற்றைவிட இன்று கொஞ்சம் தூரம் என்று. ஒரு நாள் பேருந்து நிற்குமிடம், ஒரு நாள் சவுக்குத் தோப்பு, இன்னொரு நாள் கால்வாய்க்கரை. எதிரே வந்தவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டே, "எங்கே போறீங்க?" என்று கேட்பேன். பினாங்குத் தெருவில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அப்படித்தான் கேட்போம். வணக்கம் சொல்வதற்குப் பதில் அது. யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை, சும்மா கையைக் காட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கோ முகங்கள் சுருங்கின. ஒரு பெரியவர் நின்று, "ஏன், கூட வரப்போறியா?" என்றே கேட்டுவிட்டார். கடுகடுப்பான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். கிளம்புகிறவரிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வந்து பத்தாவது நாள், ஆடி மாதம். வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. கடலோரம் வரை நடந்துவிட்ட பெருமையில் இருந்தேன். எதிரே அக்காவின் வீட்டுக்காரர், தோளில் துடுப்போடு வந்தார். தெரிந்த முகம் என்ற சந்தோஷத்தில் மற்றவர்களிடம் கேட்டதைவிட உரக்கவே கேட்டேன், "அண்ணே, எங்கே போறீங்க?"

அவர் நின்றார். துடுப்பைத் தோளிலிருந்து இறக்கினார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்படி யாராவது கேட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டுமாம். அன்றைக்கு அதற்கு நேரமில்லை. கூட்டாளி கட்டுமரத்தை அலைக்குள் தள்ளிக்கொண்டே கூப்பிட்டார். இவர் துடுப்பை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கருவாடு பரப்பிக்கொண்டிருந்த ஒரு பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

பத்து மணிக்குள் மற்ற மரங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. அவருடையது வரவில்லை. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் குப்பத்துப் பெண்கள் மணலில் கூடிவிட்டார்கள். தேடிப் போன இரண்டு மரங்களும் அவர்களைக் காணாமல் திரும்பின. நோயாளிகள் யாரும் வராத மருத்துவ நிலையத்தைப் பூட்டிவிட்டு நானும் அங்கே போனேன். நான் போனதும் பேச்சு நின்றது.

"மலேயாக்காரிதான் கேட்டா," என்றாள் கருவாட்டுக்காரி. "என் கண்ணால பாத்தேன். மூஞ்சிக்கு நேரா நின்னு, எங்க போறேன்னு கேட்டா."

அப்போதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. நான் நம்புகிறேனா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. அந்த மனிதர் திரும்பவில்லை என்றால் அவரை அனுப்பியது என் வாய்.

அக்கா கடலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. "அவ கேக்கறதுக்கு முன்னாடியே நான் கேட்டுட்டேன்," என்றார். "வூட்டு வாசல்ல நின்னு நான்தான் கேட்டேன். அவள வுடுங்க."

கட்டிய பெண்டாட்டியே கேட்டாளா என்று எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். புருஷனைக் காணாமல் தவித்துக்கொண்டிருந்தவரை அந்தப் பெண்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது என்று இத்தனை வருடமாகச் சமாதானம் சொல்லிவருகிறேன். அது பயம், வேறொன்றுமில்லை.

வெயில் சாய்ந்தபோது வடக்கே கரையோரமாக இரண்டு உருவங்கள் தெரிந்தன. நீரோட்டம் மரத்தை இழுத்துக்கொண்டு போய், திருவிடந்தைப் பக்கம் கரை ஏறியிருக்கிறார்கள். அங்கிருந்து மணலிலேயே நடந்து வந்திருக்கிறார்கள். அக்கா எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "சோறு ஆறிப்போய்க் கீது, வா," என்று மட்டும் புருஷனிடம் சொன்னார்.

அக்கா என்னைத் தாண்டிப் போகும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன். கையை உதறிக்கொண்டார். "என்னிய ஊரு திட்டும், அப்பறம் சோறு போடும். உன்ன பஸ் ஏத்தி வுட்ரும்," என்றார். பிறகு, "அதுக்காக நீ செஞ்சது சரின்னு நான் சொல்லல," என்றார். அதன்பின் பல நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கென்று ஒரு வார்த்தையும் வரவில்லை.

அன்றிலிருந்துதான் நடையை விட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் கிளம்பும் நேரத்தில் கதவைத் தாழிட்டு, விளக்கையும் அணைத்து, இருமல் வந்தால்கூட முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொள்வேன். அவர் காலடிச் சத்தம் கடலுக்குப் போவதையும் பிறகு திரும்பி வருவதையும் எண்ணிக்கொண்டே ஆடி கழிந்தது.

ஆவணியில் ஒரு விடியலில் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. அக்கா நின்றார். "மூணு நாளா வல காலியா வருது. தினம் எதிர்ல பூட்டின கதவப் பாத்துக்கினு போனா வெளங்குமான்னு அவரு கேக்கறாரு. வெளிய வந்து நில்லு. வாயத் தொறக்காத."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அவர் துடுப்போடு வந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். என்னைக் கடந்து பத்தடி போனபின், திரும்பாமலே, "போய்ட்டு வரேன், நர்ஸம்மா," என்றார். அவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்தும் தலையை ஆட்டினேன்.

இப்போது அக்காவும் உயிரோடு இல்லை, அவரும் இல்லை. நான் செங்கல்பட்டில் இருக்கிறேன். போன மாதம் என் இளைய மகள் வேலைக்காக வெளிநாட்டுக்குக் கிளம்பினாள். எந்தத் தெருவில் வீடு, பக்கத்தில் யார், காலையில் நடக்க இடமிருக்கிறதா என்று கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியவளிடம் எதையும் கேட்கவில்லை. கதவை விரியத் திறந்துவைத்து வாசலில் நின்றேன். போய் இறங்கிவிட்டேன் என்று மறுநாள் அவளிடமிருந்து செய்தி வரும்வரை அதைத் தாழிடவில்லை.