முந்நூறு மரங்களும் ஒரு போத்தல் தண்ணீரும்

யட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள இறப்பர்த் தோட்டமொன்றில் இராஜம் இருபத்தாறு ஆண்டுகளாகப் பால் வெட்டி வருகிறார். அவர் பொறுப்பில் முந்நூறு மரங்கள். காலை ஆறரைக்குக் கத்தியும் வாளியுமாக மலையேறினால், பாலை நிறுத்துக் கொடுக்கும் பன்னிரண்டரை மணிவரை ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் வாயில் படாது. மரங்கள் நிரைநிரையாக நேர்கோட்டில் நிற்பவை. பெண்கள் ஒதுங்குவதற்கு அங்கே மறைவிடம் கிடையாது. ஆகவே காலைத் தேநீரைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போவது அம்மலைப் பெண்களின் வழக்கம்.

2023 செப்டெம்பரில் இடது விலாவின் கீழ் வலி கண்டது. ஸ்கேனில் ஐந்து மில்லிமீற்றர் சிறுநீரகக் கல் தெரிந்தது. டாக்டர் வலி மாத்திரை கொடுத்து, நாளொன்றுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் குடிக்கும்படியும், காய்ச்சல் வந்தால் தாமதியாமல் வரும்படியும் சொல்லி அனுப்பினார்.

இராஜம் அந்த மூன்று லீற்றரையும் வேலை முடிந்து வந்து பின்னேரத்தில் குடித்தார். வாழைத்தண்டை இடித்துச் சாறு எடுத்தார். சிறுபீளையை அவித்தார், கடைவீதியில் அதற்குச் சிங்களப் பெயரான பொல்பலா என்பதே வழக்கு. கணவர் சுந்தரலிங்கம் போத்தலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றி விலாவில் ஒத்தடம் கொடுத்தார். வலி தணியும், பின்னர் திரும்பி வரும். டிசம்பருக்குள் பதினொரு நாள் வேலை தவறிப்போயிற்று.

கங்காணி கஜீபன் நேரில் வந்தார். "இன்னொரு தடவ படுத்தீங்கன்னா ஒங்க மரத்த வேற ஆளுக்குத்தான் குடுக்கணுங்க அக்கா. தோட்டத் தொர கேக்குறாரு, நான் என்னா செய்ய?"

மறுநாளே இராஜம் கடைவீதிக்கு இறங்கி, மூலிகைக் கடை றுகையாவிடம் இரட்டிப்பாகப் பொல்பலா கேட்டார்.

றுகையா நிறுத்துக்கொண்டே விசாரித்தார். "எந்நேரம் புள்ள தண்ணி குடிக்கிற?"

"வேல முடிஞ்சி வந்துதாங்க அக்கா. ஒரேயடியா."

"விடிய?"

இராஜம் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"பகல் மட்டும் காஞ்சி கெடந்துட்டு, அந்திக்கு ஆத்தக் குடிச்சா சரியா? பொறகு என்ட பொல்பலாவ ஊரெல்லாம் குறை செல்லுவீங்க." றுகையா தராசிலிருந்த இலையைச் சாக்கிலேயே திருப்பிக் கொட்டினார். "விடிய குடிக்க ஏலுமெண்டா வாங்க, தாரன்."

"சரிங்க அக்கா, குடிக்கிறேன். நிறுங்க."

அடுத்த காலை இராஜத்தின் வாளியில் ஒன்றரை லீற்றர்ப் போத்தல் இருந்தது. பக்கத்து நிரையில் பால் வெட்டும் பிரஷாந்தினி சிரித்தாள்.

"என்னங்க அக்கா, மரத்துக்கு ஊத்தவா?"

இருநூற்றுப் பத்தாவது மரத்தடியில் இராஜம் கத்தியைக் கீழே வைத்தார். இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து நீட்டினார்.

"இத விரிச்சுப் புடிச்சிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நில்லு. ஆள் வந்தா பாட்டுப் பாடு."

"எனக்குப் பாட்டு வராதுங்களே."

"அப்ப இருமு."

வேலை முடிய இன்னும் மூன்று மணிநேரம் கிடந்தது. படங்கைத் திருப்பிக் கொடுத்த பிரஷாந்தினி, "போத்தல்ல மிச்சம் இருக்குங்களா?" என்று கேட்டாள்.

2024 ஜனவரி 19ஆம் தேதி கல் இறங்கியது. வாழைத்தண்டா, பொல்பலாவா, தண்ணீரா என்று எவராலும் உறுதிகூற இயலாது. அந்த அளவுக் கல் தானாகவும் இறங்கக்கூடும் என்பது டாக்டரின் கூற்று. அதன்பின் இராஜம் ஒரு நாளும் வேலை தவறவில்லை. முந்நூறு மரங்களும் அவரிடமே இருக்கின்றன.

ஒன்பதரை மணியளவில் அம்மலையில் இப்போது அடிக்கடி இருமல் கேட்கும். கேட்டதும் அடுத்த நிரைக்கு இறங்கிப்போகக் கஜீபனும் பழகிக்கொண்டார்.