இன்றைக்கும் ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது

காதுக்குள் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும்; அதற்கப்புறம்தான் திரையில் பெயரும் ஊரும் தெரியும்; முகம் கடைசிவரை தெரியாது, அதுதான் கால் சென்டர் பிழைப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் உட்கார்ந்துகொண்டு, கனடாக்காரர்கள் வீட்டு ஹீட்டருக்கு வந்த கோளாறைக் கேட்டுக்கொள்வது ஒன்பது வருடமாக என் வேலை. அவர்களுடைய காலை, என் ராத்திரி. முன்பு இதே எஸ்டேட்டில் லேத் ஓட்டினேன். கம்பெனியை மூடியதும், நாற்பது வயதுக்கு மேல், ரேடியோவையும் பழைய மெஷின் புத்தகங்களையும் வைத்து நானாகப் படித்த இங்கிலீஷ் இது. ஹெட்செட் மாட்டிக் காது கன்றிப்போனவர்கள் இதைப் படித்தால், மீதியை நான் சொல்லவே வேண்டாம்.

போன மார்ச்சில் என் மகள் ஷெரினுக்கு கனடாவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். என் மனைவி முடிவை என் தலையில் கட்டிவிட்டாள். "தினமும் அந்த ஊரோட பேசுறவர் நீங்கதானே. வாழ்க்கை எப்படி இருக்கும்னு நீங்களே சொல்லுங்க." அந்த வாரம் முழுக்க வந்த போன்களை இந்தக் கேள்வியோடுதான் எடுத்தேன்.

மைனஸ் பதினெட்டு

நாங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லக்கூடாது என்பது விதி. அதற்காகவே திரையின் மூலையில் அந்த ஊர் வானிலை ஓடிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை எங்கள் ஏசி படுத்துவிட்டது. ஒரு பாட்டியம்மா, "வெளியே எப்படி இருக்கு?" என்று கேட்டார். "மைனஸ் பதினெட்டு அம்மா, கையுறை இல்லாமல் வாசலுக்குப் போகாதீர்கள்" என்றேன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

பக்கத்து சீட்டு பாஷா பூந்தமல்லிக்காரன். போன் வைக்கும்வரை காத்திருந்து சொன்னான்: "அண்ணாத்தே, சட்டை பூரா வேர்வை, வாயி மட்டும் நடுங்கிகினு கீது."

டாக்டர்

பழுது பார்க்கப் போகும் டெக்னீஷியன்களும் எங்களுக்கு போன் செய்வார்கள். அதில் ஒருவர், தன் நாட்டில் பதினோரு வருடம் பல் டாக்டராக இருந்தவர். அந்தப் பட்டம் கனடாவில் செல்லாது என்றதும் ஹீட்டர் வேலை கற்றுக்கொண்டார். நான் மட்டும் அவரை 'டாக்டர்' என்பேன். அன்றைக்கு, மகளை நினைத்துக்கொண்டு, வருத்தமாக இல்லையா என்று கேட்டுவிட்டேன்.

ஸ்பேனரைத் திருகிக்கொண்டே சொன்னார்: "பல்லும் ஹீட்டரும் ஒண்ணுதான் நண்பா. திறந்து டார்ச் அடிச்சுப் பார்க்கணும். வலி எங்கேன்னு அதோட சொந்தக்காரங்க எப்பவும் தப்பாத்தான் சொல்லுவாங்க."

புகார் இல்லாதவர்

செவ்வாய்தோறும் ஒரு கிழவர் கூப்பிடுவார். மனைவி இறந்துவிட்டார், மகன் வேறு மாகாணத்தில். அவர் ஹீட்டரில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. ஆனால் எங்கள் படிவத்தில் 'கோளாறு என்ன' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகமுடியாது. முதலில் 'சத்தம்' என்று எழுதினேன். ஆள் போய்ப் பார்த்துவிட்டுத் திட்டினான். அப்புறம் 'விசாரணை' என்று எழுதப் பழகினேன். அந்தச் செவ்வாயும் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்: "எழுதிக்கோ. இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு."

பெட்டி

புதன்கிழமை. திரையில் வீட்டுக்காரர் பெயர்; காதில் ஒரு பெண் பிள்ளையின் குரல். தரைக்குக் கீழே உள்ள அறையில் மூன்று மாணவிகள் வாடகைக்கு இருக்கிறார்கள். குளிர் தாங்கவில்லை; சூட்டைக் கூட்டிக் குறைக்கிற சுவிட்ச் மாடியில். வீட்டுக்காரர் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டார், கதவு பூட்டு. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு மட்டும்தான் பேசலாம் என்பது விதி. மன்னிப்புக் கேட்டேன். இங்கிலீஷில் நன்றி சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் அவள் சொன்னது காதில் விழுந்தது: "ஆவாதாம்டி. கோட்டு போட்டுகினே படு."

அந்த 'போட்டுகினே'யைக் கேட்டு எனக்குக் கை நின்றுவிட்டது. இங்கிலீஷ் தவிர வேறு மொழி பேசினால் வேலைக்கே ஆபத்து. "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டுவிட்டேன். "ஆவடி அங்கிள்" என்றது குரல், அழுகைக்குப் பக்கத்தில். அங்கே ஊருக்குப் போகிறவர்கள் ஹீட்டரை முழுக்க அணைக்கமாட்டார்கள்; குழாய்த் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். ஆகவே கொஞ்சம் சூடு கீழேயும் வந்தாகவேண்டும். "தரையில சூடு காத்து வர்றதுக்குக் கம்பி போட்ட ஓட்டை ஏதாவது இருக்கா, பாரும்மா" என்றேன். தேடினார்கள். அலமாரி இல்லாததால் பிரிக்காமலே வைத்திருந்த ஒரு பயணப்பெட்டி அதன்மேல் உட்கார்ந்திருந்தது. அதை நகர்த்தி, ஓரத்தில் இருக்கும் பிடியைத் திருப்பச் சொன்னேன்.

மூக்கை உறிஞ்சிவிட்டு அவள் சொன்னாள்: "வருது அங்கிள். பெட்டி அடியெல்லாம் சூடா கீது. ரெண்டு மாசமா நாங்க பெட்டில கீற புழுங்கலரிசிக்குத்தான் ஹீட்டர் போட்டுகினு இருந்திருக்கோம்."

மதிப்பெண்

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். போன் பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிற பெண், காட்டுப்பாக்கத்திலிருந்து வருகிறவள், என்னைவிட இருபது வயது சின்னவள். வேலை போயிற்று என்றே நினைத்துப் போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஜீரோதான் சார் போட முடியும், எச்சரிக்கையோட விட்டிருக்காங்க. ஆனா அந்தப் பதிவை ரெண்டு தடவை போட்டுக் கேட்டேன்."

வெள்ளிக்கிழமை

விடிந்து கொரட்டூர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் என் முதல் வேலை, தெரு அடிபம்பில் ஆறு குடம் மெட்ரோ குடிநீர் அடிப்பது. அன்றைக்கு ஷெரினும் கூட வந்தாள். என் பாஸ்போர்ட்டை இரண்டு முறை புதுப்பித்திருக்கிறேன். ஒரு முத்திரைகூட விழவில்லை. அப்படிப்பட்டவன், எனக்குத் தெரிந்த கனடாவை அவளுக்குச் சொன்னேன்: எல்லா வீட்டிலும் ஹீட்டர் ரிப்பேர், எல்லாரும் குளிரில், எல்லாரும் தனியாக. போகவேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"ஹீட்டர் நல்லா ஓடுற வீட்டுக்காரங்க உங்களுக்கு ஏன்ப்பா போன் பண்ணப் போறாங்க?" என்றாள்.

செவ்வாய்தோறும் ஒருத்தர் பண்ணுகிறார் என்று சொல்ல நினைத்தேன். "சரி, பதில் அனுப்பிடு. போன உடனே பெட்டியைப் பிரிச்சுடு. எங்க வேணா வை, காத்து வர்ற ஓட்டை மேல மட்டும் வைக்காதே" என்றேன். அவள் குடத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். "அப்புறம் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை போன் பண்ணு."

"எதுக்கு? ஏதாவது கோளாறுன்னாதானே?"

ஒரு நாட்டின் கோளாறுகளை மட்டும் ஒன்பது வருடம் கேட்டவன் அந்த நாட்டைப் பற்றிப் பெற்ற மகளுக்குச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான் என்பதால், "நல்லா இருந்தாலும் பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த குடத்தை நகர்த்தி வைத்து அடிக்க ஆரம்பித்தேன்.